டாக்டரின் செல்போனில் முளைத்தவை

பச்சிளங்குழந்தை வார்டிலிருந்து வந்த ஸ்வாபை, அந்தப் பஞ்சுக் குச்சியை, கிருமி வளர்க்கும் பிளேட்டில் தேய்த்து லேப் இன்குபேட்டரில் வைத்திருந்தேன். மறுநாள் திறந்தபோது பச்சை பூத்திருந்தது. திராட்சை வாடை. லேபில் எதையும் முகரக் கூடாது என்பது விதி. அந்த வாடை விதிக்காகக் காத்திருப்பதில்லை. சூடோமோனாஸ். ஈரம் கிடைத்த இடத்தில் குடும்பம் நடத்தும் கிருமி. இது குடியேறியிருந்தது, பிறந்து சில நாளே ஆன ஒரு பெண் குழந்தையின் கண்ணில்.

தாய் கோமதி, விக்கிரமங்கலத்துக்காரர். சொட்டு மருந்து விட்டால் சீழ் குறையும். மறுபடி வரும். பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் கண் ஒட்ட ஆரம்பித்திருந்தது. குழந்தைகள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"கருவிழியில புண்ணு விழுந்துட்டா பார்வை போயிடும் மேடம். எங்கேருந்து திரும்பத் திரும்ப வருதுன்னு தெரியணும். வார்டுல கை படற எல்லாத்துலயும் ஸ்வாப் எடுங்க."

"எல்லாத்துலயும்னா, உங்க செல்லுலயும்தான் சார்."

அவர் செல்லை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு நீட்டினார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள் நான். மேல்கம்பியைப் பிடிக்கும்போதே அதை முன்னால் பிடித்த கைகளை நினைப்பது என் தொழில் வியாதி. சின்ன வெங்காயம் அரிந்த கை, சிமெண்ட் மூட்டை இறக்கிய கை, தூங்கும் பிள்ளையின் எச்சிலைத் துடைத்த கை. பெயர் தெரியாமலே எல்லோரும் கைகோத்துக்கொண்டு போகிறோம். கண்டக்டர் ஆளுக்கொரு டிக்கெட் கிழிக்கிறார்.

கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு, ஸ்டெதாஸ்கோப் எல்லாம் எடுத்தேன். வார்டு பொறுப்பு ஜெயந்தி சிஸ்டரிடம் பேனாவைக் கேட்டேன்.

"என் பேனா சுத்தமாத்தான் இருக்கும். யாருக்கும் குடுக்கறதே இல்ல."

"கடிப்பீங்களா சிஸ்டர்?"

பேனா வந்தது. மூடியில் பல் தடம் இருந்தது.

பிளேட்டுகள் ஒவ்வொன்றிலும் ஏதோ முளைத்திருந்தது. வெள்ளைப் புள்ளி, மஞ்சள் புள்ளி, பெரும்பாலும் நம் தோலில் சாதாரணமாக வசிப்பவை. விளைச்சலில் டாக்டரின் செல்போனுக்கு முதலிடம். பச்சை மட்டும் எதிலும் இல்லை.

அடுத்து தாய்மார்களின் கைகள். கோமதி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எங்க கைதான் அழுக்குன்னு எழுதுவீங்க. சிஸ்டர் ஏற்கெனவே நல்லாத் திட்டிட்டாங்க."

"எல்லார் கையும் ஒண்ணுதாம்மா. டாக்டர் செல்லுல முளைச்சது ஒரு வயலுக்குக் காணும்."

"டாக்டர் செல்லுலயா?"

"சிஸ்டர் பேனாவுலயும்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். கோமதி சிரிக்கவில்லை. தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தார். ஜவ்வரிசியைக் கருக்கிக் காய்ச்சி ஊற்றிய பொட்டு மை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் குழைத்து வைப்பது.

"இதையும் பாத்துடுங்கக்கா. கன்னத்துல வச்சா சிஸ்டர் அழிச்சுடறாங்க. அதான் உள்ளங்கால்ல வச்சு சாக்ஸ் போட்டுவிடறோம். குறைமாசத்துல பொறந்து நல்லபடியா வூட்டுக்குப் போன புள்ளையோட மை. ராசின்னு ஒவ்வொரு கட்டிலுக்கும் குடுத்துட்டுப் போறாங்க."

"மை வச்ச விரலை எதுல தொடைப்பீங்க?"

"சேலையில." முந்தானையைப் பார்த்தார். "அந்தச் சேலையாலதான் அதுக்குக் கண்ணு தொடைப்பேன்."

அதன் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையையும் பார்க்கவில்லை.

மறுநாள் மை தேய்த்த பிளேட்டில் பச்சை. கொட்டாங்கச்சியை அப்புறப்படுத்தினோம். கண் துடைக்க, கிருமி போக வேகவைத்த பஞ்சு வந்தது. போட்ட மருந்தே இப்போது கேட்டது.

"நான் திட்டினதாலதான் அது தலையணைக்கு அடியில போச்சா?" என்று கேட்டார் ஜெயந்தி சிஸ்டர்.

"ஆமா சிஸ்டர்."

இப்போதெல்லாம் சிஸ்டர் புதுத் தாய்மார்களிடம், "மை இருந்தா குடும்மா, பேர் எழுதி வைக்கிறேன், வூட்டுக்குப் போறப்ப வாங்கிக்க" என்கிறார். கொடுத்துவிடுகிறார்கள்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வார்டுக்குள் போனதும் முதலில் உங்கள் செல்லில் என்ன முளைத்தது என்று சொல்லுங்கள். அடுத்தவர் கையை அப்புறம் கேளுங்கள்.

கோமதி வீட்டுக்குக் கிளம்பிய அன்று குழந்தையை லேப் வாசலுக்குத் தூக்கிவந்தார். வெயில் நேராக அடித்தது. குழந்தை வெளிச்சம் கூசி இரண்டு கண்ணையும் சுருக்கிக்கொண்டு அழுதது. நாங்கள் இருவரும் அதைச் சமாதானப்படுத்தாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றோம்.