எதிர்ப்பக்கத்துச் சப்பாத்துக் கடை

காலை பத்து மணி ஐந்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது திறந்து கிடந்த பச்சைக் கேட்டும், அதனருகே வெள்ளைத் தொப்பியுடன் நின்ற ஹாஜியாரும். எங்கள் பஸ் வேகம் குறையாமல் அவரைக் கடந்தது. பத்திரிகை வேலையை விட்டபின் இலங்கைக்கு வரும் ஜெர்மன் பயணிகளுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். மாத்தளையில் ஹாஜியாரின் வாசனைத் திரவியத் தோட்டம்தான் எங்கள் வழக்கமான நிறுத்தம். வளைவிலேயே டிரைவர் அண்ணன் ஹோர்ன் அடிப்பார், நாங்கள் இறங்குவதற்குள் ஏலக்காய்த் தேநீர் ஊற்றியிருப்பார்கள்.

அன்று ஹோர்ன் இல்லை. முஸ்லிம்களிடம் வாங்கக் கூடாது என்ற பேச்சு ஊரில் பரவியிருந்தது. உத்தரவு எதுவும் கிடையாது. டிரைவரை யாரும் மிரட்டவுமில்லை. வருடந்தோறும் ஹாஜியார் வீட்டு நோன்புக் கஞ்சி குடிப்பவர் அவர். “ரெண்டு கிழமையா யாருமே அங்க நிப்பாட்டலங்க. நமக்கு மட்டும் எதுக்கு வம்பு?” என்றார். இப்படியே போனால் மாத முடிவில் தோட்டத்தை மூடவேண்டியதுதான் என்று ஹாஜியார் முந்தின நாள் தொலைபேசியில் என்னிடம் சொல்லியிருந்தார்.

முன்னிருக்கையில் இருந்த ஜெர்மன் அம்மையார், ஓய்வுபெற்ற மருந்தாளர், பயணத் திட்டத்தில் உள்ள தோட்டம் ஏன் தவறியது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அடுத்த தோட்டத்தில் எல்லோரும் இறங்க, அவர் மட்டும் அசையவில்லை. தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

தாயின் சிறுவயதிலிருந்தே அவருடைய கால் அளவை அறிந்தவர் அவர்கள் தெருவின் சப்பாத்துக் கடைக்காரர், ஒரு யூதர். ஆட்சி மாறிய பின் ஒருநாள் தாய் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்துக் கடையில் வாங்கினார். அப்படிச் செய்யச் சட்டம் சொல்லவில்லை. வெறுப்புமில்லை. எல்லோரும் அங்கே போனார்கள், அவ்வளவுதான். சில ஆண்டுகளில் அந்த யூதக் குடும்பத்தைக் கொண்டுபோனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சாகும்வரை சொன்னாராம் தாய். “பின்னால் நடந்தது தெரியாமலிருந்திருக்கலாம். தெருவைக் கடந்தது அவளுக்குத் தெரியும்,” என்றார் அம்மையார்.

அந்த நாட்டையும் மாத்தளையையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் சர்வாதிகாரிகளின் உரைகளை நிறைய வாசித்த எனக்கு, அவர்களுக்குக் கைதட்டாதவர்களும் எப்படி உதவினார்கள் என்பது அந்த பஸ்ஸில்தான் விளங்கியது.

டிரைவருக்கு மொழிபெயர்த்தேன். “சப்பாத்துக் கடைக்கும் இதுக்கும் என்னங்க?” என்றார். பிறகு பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். மற்றவர்கள் வந்து ஏறியதும், ஹாஜியாரிடம் திரும்பிப் போவோம் என்றார். சாப்பாடு தாமதமாகும் என்று பயணி ஒருவர் முணுமுணுத்தார். பஸ் திரும்பியது.

ஹாஜியார் கேட்டிலேயே நின்றார். “என்ன தம்பி, ஹோர்ன் பழுதாப் போச்சா?”

“ஆமாங்க ஹாஜியார். இப்ப சரியாக்கிட்டேன்,” என்றார் டிரைவர் அண்ணன்.

அடுத்த கிழமை, நான் வாய் திறக்குமுன்பே டிரைவர் அண்ணன் தோட்டத்துக்குள் திருப்பினார். அங்கே ஏற்கெனவே வேறொரு பஸ் நின்றது.