கடைசித் தாள்

“சாவுல முடியாத கதை ஒண்ணு வேணுங்கண்ணா” என்றுதான் அவள் முதலில் கேட்டாள். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் காய் தரம் பிரிக்க வந்த திருநங்கை. மண்டிக்குப் போகிற வழியில் என் பழைய புத்தகக் கடை. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சைக்கிளில் பழைய பேப்பர் எடுத்துத் தொடங்கி, ஊர் பார்க்கக் கடை போட்டவன். யாரும் கைதூக்கி விடவில்லை. கேட்ட புத்தகம் இல்லை என்று நான் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. “ஒரே வாரம். யாருகிட்ட கேட்டிருக்கற, தங்கச்சி? ஜில்லாவையே பொரட்டிடறன்” என்றேன்.

“பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்லீங்க” என்று சிரித்தாள்.

அவளுடைய ஆத்தா சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவர். பல வருஷம் கழித்து வீடு திரும்பிய மகளை அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. “உன்னாட்டம் ஆளுங்க கதையெல்லாம் படிச்சுட்டன். ஒருத்திகூட உசுரோட முடியல. உன்னப் பொணமாப் பாக்க எனக்குத் தெம்பில்ல சாமி, கண்காணாத போயிரு” என்றாராம். நல்லபடியாக முடிகிற ஒரே ஒரு கதையைக் காட்டிவிட்டால் வீட்டில் இருக்க விடுவார் என்று இவள் நம்பினாள்.

மூட்டை மூட்டையாகப் பிரித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், அதனால் கடைசிப் பக்கங்களை மட்டும் பார்த்தேன். தண்டவாளம், விஷம், ஆஸ்பத்திரி வராந்தா. சாகாத ஒருத்தியும் மழையில் தனியாக நடந்து போனாள். எங்கே என்று எழுதியவருக்கே தெரியவில்லை. இரக்கப்பட்டுத்தான் அப்படி எழுதுகிறார்கள் போலும். படிக்கிறவர் அழுதுவிட்டு மூடி வைத்துவிடலாம். ஒரு தாய் அதைத் தன் மகளுக்கு எழுதிய ஜாதகமாகப் படிப்பாள் என்று யார் நினைத்திருப்பார்கள்?

சேலம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். வாரம் முடிந்தது. கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. ஒரு நாவலில் திருநங்கை ஒருத்தி புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள். அடுத்த தாளில் தூக்கு. அந்தத் தாளை பிளேடால் எடுத்துவிட்டுக் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடினாள். எழுதியவரைவிட நல்ல முடிவை நான் கொடுத்துவிட்டேன் என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

மூன்றாம் நாள் புத்தகத்தோடு வந்து நின்றாள். ஆத்தா முழுதும் படித்திருக்கிறார். பிளேடு பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்து, “முடிவு என்னன்னு உனக்கே தெரிஞ்சிருக்குது. அதான் கிழிச்சுட்டு வந்திருக்கற” என்று மகளின் பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டார்.

“நீங்கதான கிழிச்சீங்க? ஆத்தாகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா, போதும்.”

கடையில் நாலு பேர் இருந்தார்கள். “என் கடப் பொஸ்தகத்த நான் எதுக்குக் கிழிக்கப் போறன்?” என்றேன்.

என்னையே பார்த்தாள். “செரிங்கண்ணா. நாந்தான் கிழிச்சன்னே இருக்கட்டும்.” ஓசூர் பஸ் நிற்கிற பக்கம் போனாள்.

ஏழு வருஷம் ஆகிறது. இன்று எனக்கு மூன்று குடோன், இரண்டு லாரி. அவள் இருக்கிறாளா என்று தெரியாது. ஆத்தா அதே வீட்டில்தான் இருக்கிறார். கடைவீதியில் எதிரே வந்தால் நின்று கும்பிடுகிறார். நானும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.