கால் ஊன்றாமல் ஒரு எட்டு

லைசென்ஸ் வேண்டாத பேட்டரி ஸ்கூட்டர் என்று சொல்லித்தான் விற்றார்கள். இருநூற்றைம்பது வாட் மோட்டார், மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது, அதனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றார் கோயமுத்தூர் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் கோயமுத்தூர் சமதரை. நான் இருப்பது குன்னூரில்.

எனக்கு இட்லி மாவு வியாபாரம். இந்தக் குளிரில் மாவு லேசில் பொங்காது. அதைப் பொங்க வைக்கிற கைப்பக்குவம் எனக்கு உண்டு. நானாகச் சொல்லவில்லை, வாங்குகிறவர்கள் சொல்வதுதான். வாடிக்கை வீடுகள் எல்லாம் மேட்டில் இருக்கின்றன. மாவு வாளியையும் என்னையும் சுமந்துகொண்டு அந்தச் சின்ன வண்டி பாதி ஏற்றத்தில் முனகி நின்றுவிடும். இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தி ஏற்றுவேன்.

"ஏனுங்கத்தை, இது ஸ்கூட்டருங்களா, நடைவண்டிங்களா?" என்று மருமகள் சிரிப்பாள்.

பெரிய மோட்டார் உள்ள வண்டி என்றால் லைசென்ஸ் வேண்டும். மகன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். "அறுபத்திரண்டு வயசாச்சுங்கம்மா. லைசென்ஸ் எடுத்தீங்கன்னா ஓட்டுங்க. இல்லீன்னா மாவை நிறுத்திருங்க."

"சரிடா" என்றேன். சொன்ன பிறகுதான் அதற்குப் பரீட்சை உண்டே என்று நினைவு வந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

எல்.எல்.ஆர். தேர்வில் கம்ப்யூட்டர் கேள்வியைக் காட்டிவிட்டு நேரத்தையும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. நல்லவேளை, பாதிக்கு மேல் படங்கள். மலைப்பாதையில் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற கேள்வியைப் பாதி படிக்கும்போதே விரல் பதிலுக்குப் போய்விட்டது. ஏறி வருகிற வண்டிக்குத்தான். இது தெரியாமல் இங்கே யாரும் ரோட்டில் நடக்கவே முடியாது. தேறிவிட்டேன்.

மருமகளின் ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டினோம். அவளுக்கு லைசென்ஸ் உண்டு என்பதால் வாத்தியாராகப் பின்னால் உட்கார்ந்தாள். அது கியர் இல்லாத வண்டி. முறுக்கினால் போதும், மேடு என்றும் பார்க்காமல் ஏறியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மெதுவாங்கத்தை! எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க!"

"எனக்கும் ஒரு புள்ளை இருக்கான். அவனுக்குக் காட்டத்தான் ஓட்டறேன், நீ கம்முனு உக்காரு."

ஒரு மாதம் கழித்து ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டச் சொன்னார்கள். முதல் வளைவிலேயே இடது கால் தரைக்குப் போய்விட்டது. நான் ஊன்றவில்லை, அதுவாகப் போனது. சின்ன வண்டியை உந்தி உந்திப் பழகின கால் அல்லவா!

"கால் பட்டுருச்சுங்கம்மா. ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மருமகள்தான் வழி கண்டாள். வாளி நிறைய மாவை, மூடியில்லாமல், கால் வைக்கும் இடத்தில் வைத்தாள். "ரெண்டு காலுலயும் இறுக்கிப் புடிச்சுக்கங்க. காலை எடுத்தீங்கன்னா மாவு ரோட்டுல."

இத்தனை வருஷத்தில் ஒரு கரண்டி மாவைச் சிந்தினவள் இல்லை நான். மைதானத்தில் ஆறு நாள் எட்டு போட்டேன். முதல் நாள் புடவையில் கொஞ்சம் தெறித்தது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஏழாம் நாள் வாளியோடு போய் நின்றேன். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்கம்மா இது?"

"மாவுங்க."

"இறக்கி வையுங்க. டெஸ்ட் உங்களுக்குத்தான், மாவுக்கு இல்லீங்க."

வரிசையில் நின்ற பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இறக்கி வைத்தேன். ஆனால் வண்டியில் ஏறியதும் இல்லாத வாளியை இரண்டு காலாலும் இறுக்கிக்கொண்டேன். தளும்பத் தளும்ப மாவு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு மெதுவாக வளைந்தேன். முதல் சுழி, நடு, இரண்டாம் சுழி. எனக்கு அவசரமே இல்லை. புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்ற பிறகுதான் கால் தரையைத் தொட்டது.

"பாஸுங்கம்மா" என்றார். பையன்கள் கைதட்டினார்கள். மருமகள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

மகன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றிருந்தான். பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினான்.

"ஏனுங்கம்மா, நாளைக்கு எத்தனை படி அரிசி ஊறப் போடறதுங்க?"

"எப்பவும் போடறதைவிட ரெண்டு படி சேர்த்துப் போடு, கண்ணு" என்றேன்.