கால் மணி நேரக் குளிப்பு

பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாத எனக்கு பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பல் கடைத்தெருவில் இன்று மூன்று கடைகள், யாரிடமும் கைகட்டி நிற்காமல் நானே வளர்த்தவை. ஆனால் காலையில் ஜாவெல் வெளுப்புநீர் ஊற்றித் தரை கழுவும்போது எழும்பும் நெடி, எண்பதுகளில் நாங்கள் வந்து குடியேறிய தெருவின் பொதுக் குளிப்பகத்துக்கு என்னை இழுத்துப்போய்விடும். எங்கள் ஒற்றை அறையில் குளிக்க வசதியில்லை. வியாழனும் சனியும் துவாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய், வெள்ளை ஓடு பதித்த சுவரோரம் காத்திருந்து, கால் மணி நேரத்துக்குள் குளித்து முடிக்கவேண்டும், பிந்தினால் காவல்காரி கதவில் தட்டுவாள்.

ஒரு வியாழன் ஊரிலிருந்து கடிதம் வந்தது. பெரிய மாமா ஷெல் விழுந்து செத்து ஒன்றரை மாதமாம். சாவுச் செய்தி கேட்டால் தலை முழுகவேண்டும் என்று அம்மா துவாயை எடுத்தார்.

"இஞ்சரும், துடக்கெல்லாம் எப்பவோ கழிஞ்சுது," என்றார் அப்பா.

"ஊரிலை கழிஞ்சிருக்கும். எனக்கு அண்ணை இண்டைக்குத்தானே செத்தவர்."

வேறு குடும்பமும் படுக்கும் எங்கள் அறையில் அழ முடியாத அம்மா, குளிப்பகத்தின் தண்ணீர்ச் சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதார். காவல்காரி தட்டினாள், மணிக்கூட்டைக் காட்டினாள். கூடப் போயிருந்த, பிரெஞ்சு தெரியாத நான் அவளை மறித்துக் கதவில் முதுகை ஒட்டி நின்றேன். அவள் வெளியே இருந்த குழாயைத் திருகித் தண்ணீரை நிறுத்தினாள். அழுகை மட்டும் கூடமெங்கும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

குளிப்பகத்தை இடித்துவிட்டார்கள். நகருக்கு வெளியே சார்செல்லில் நான் வாங்கிய வீட்டில் மூன்று குளியலறைகள், ஒன்று அம்மாவுக்கென்றே. சாகும்வரை அவர் அதற்குள் கால் மணி நேரத்துக்குமேல் நின்றதில்லை.