ஆடும் பலூன்

"அஞ்சு வயசு இன்னிக்கு லீவா?" என்று மேலாளர் அம்மா கேட்டால் அந்த ஆபீசில் யாரும் சிரிப்பதில்லை. முன்வழுக்கை, மூக்குக் கண்ணாடி, சட்டைப் பொத்தானோடு தினமும் மல்லுக்கு நிற்கும் தொப்பை எல்லாம் வாய்த்த ஒரு மனிதருக்கு அங்கே அதுதான் பெயர், அதுதான் உத்தியோகமும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் செயலிகளைச் சோதித்து நட்சத்திரம் போடுகிற ஆபீஸ் அது. எதை வாங்குவது என்று முழிக்கிற பெற்றோர்கள் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஒவ்வொரு செயலியையும் ஐந்து வயதுப் பிள்ளை எப்படிப் பயன்படுத்துமோ அப்படிப் பயன்படுத்திப் பார்ப்பது இவர் வேலை.

அவருக்குக் கைவந்த ஒரே வித்தை தப்புப் பண்ணுவது. இளக்காரமாக நினைக்க வேண்டாம். பெரியவர்களுக்குத் தப்பைக்கூட ஒழுங்காகச் செய்ய வராது. கண்ணை மூடிக்கொண்டு எதையாவது அமுக்குவார்கள். பிள்ளைகளின் தப்பு அப்படியல்ல. வரிசையின் நடுவில் இருக்கும் ஆப்பிளை அது தாண்டிவிடும். பிடித்துப்போன ஆப்பிளை இரண்டு தடவை எண்ணும். பாதியில் போரடித்து ஜன்னலோரம் போய் நிற்கும். இவர் அத்தனையும் செய்வார், ஜன்னல் உட்பட.

"சார், பாத்து. கீழ விழுந்துடப் போறீங்க. மறுபடி யாரு அஞ்சு வயசுக்கு வர்றது?" என்பார் அடுத்த மேஜைக்காரர்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த வேலையில் ஒருநாள் மேலாளர் அம்மா புது யோசனை சொன்னார். "நிஜக் குழந்தை ஒண்ணு வேணும் சார். நீங்களும் நல்லாத்தான் பண்றீங்க. ஆனா தொப்பை இடிக்குது."

நிஜக் குழந்தை அவர் வீட்டிலேயே இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இனி இல்லை என்று டாக்டர்களே கையை விரித்த பிறகு பிறந்த ஒரே மகள். வீட்டில் அவள் பெயர் வாலு. தான் சோதித்துக்கொண்டிருந்த முயல் செயலியை அவளிடம் கொடுத்தார். திரையில் ஆப்பிள்கள் வரும். கீழே எண் எழுதிய மூன்று பலூன்கள் மிதக்கும். சரியான பலூனைத் தொட்டால் அது வெடிக்கும், முயல் கைதட்டும். வாலு தொட்டாள், முயல் தட்டியது. தொடத் தொட, தட்டத் தட்ட, அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து நட்சத்திரத்தையும் அள்ளிப் போட்டுவிட்டு, 'என் மகள் எண்களோடு பிறந்தவள்' என்று எழுதிக் கொடுத்தார். விளம்பரத்தில் அந்த வரியைப் போட்டார்கள். அவர் அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். வருகிறவர்கள் தண்ணீர் கேட்டால்கூட அவரே எழுந்துபோய் எடுத்துவந்தார். கதவைத் திறக்கிற சாக்கில் ஒருமுறை வாசித்தும் காட்டலாமே.

அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுதான் மனைவி ஒருநாள் சொன்னாள். "மிஸ் கூப்பிட்டு அனுப்பினாங்க. மேஜையில பட்டனைப் பரப்பி எண்ணச் சொன்னா, இவ மிஸ் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறாளாம். லீவு முடியறதுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணப் பழக்கலேன்னா மறுபடி இதே வகுப்புதானாம்."

"பட்டனா? எந்தக் காலத்துல இருக்காங்க அந்த மிஸ்?"

"உங்க காலத்துல இல்லீங்க. அது மட்டும் நல்லாத் தெரியுது."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது அவருக்கு. சமையலறையிலிருந்து ஆறு கரண்டிகளை அள்ளிவந்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"வாலு, இது எத்தனை? அம்மாவுக்குச் சொல்லு."

வாலு கரண்டியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். "நாலு?" என்று இழுத்தாள். "எட்டு?" என்றாள். "ஆறு?" என்றதும் அவரை அறியாமல் அவர் புருவம் கொஞ்சம் எழும்பியது. "ஆறு!" என்று கத்தி, தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள்.

மனைவி ஒரு கரண்டியை மட்டும் எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இவர் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். "இப்போ எத்தனைடா தங்கம்?"

"மூணு? ஏழு? ரெண்டு?" சொல்லிக்கொண்டே போனவளுக்கு உதடு பிதுங்கியது. "எதுவுமே ஆட மாட்டேங்குதே அப்பா."

"என்னது ஆடணும்?"

செயலியைத் திறந்து அவளே காட்டினாள். ஆப்பிள்கள் வந்தன, பலூன்கள் மிதந்தன. இருவரும் எதையும் தொடாமல் காத்திருந்தார்கள். சற்றுநேரத்தில் சரியான பலூன் மட்டும் மெல்ல அசைந்தது, கொட்டாவி வருவதற்குமுன் தாடை அசைகிற மாதிரி. "இதுதான் ஆடுதே" என்று அதைத் தொட்டாள். முயல் கைதட்டியது. இவர் முகத்தில் ஈயாடவில்லை.

எப்படிக் கண்ணில் படாமல் போனது? சரியான பலூன் பக்கம் அவர் கண் போனதே இல்லை. தப்பான பலூனாகத் தேடிப்பிடித்துத் தொடுவதுதானே தொழில். மகள் விளையாடியபோதோ, அவர் பார்த்ததெல்லாம் மகளைத்தான்.

மறுநாள் மேலாளர் அம்மாவிடம் போய், நட்சத்திரங்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார்.

"அது குறை இல்ல சார், வசதி. குழந்தை மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க."

"என் பொண்ணுக்கு எண்ணத் தெரியல மேடம்."

"அது ஆப்புக்கு எப்படி சார் தெரியும்? அதுக்குக் கைதட்டத்தான் தெரியும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "எத்தனையோ வீட்ல உங்களை நம்பி வாங்கிட்டாங்க. இப்போ எடுத்தா நம்மளை எவன் மதிப்பான்? பேசாம, 'குழந்தை மனம் நோகாத வடிவமைப்பு'ன்னு ஒரு வரி சேத்துடுங்க."

சேர்த்தார். தப்புப் பண்ணுவதில் கைதேர்ந்தவர் என்றுதான் முதலிலேயே சொல்லியாயிற்றே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முயலை அழித்தார். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தைப் பிய்த்தார். நான்கு மூலையிலும் பசை மட்டும் வரமாட்டேன் என்றது. மேஜையில் ஆறு கரண்டிகளை வைத்து, மகளை எதிரே உட்காரவைத்து, தன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"அப்பா மூஞ்சி இப்போ இல்ல. கரண்டியைத் தொட்டுத் தொட்டு எண்ணு."

மேஜைமேல் ஒரு கரண்டி உரசியது. "ஒண்ணு." இன்னொன்று. "ரெண்டு." யாரையும் பார்க்காமல், எதுவும் அசையாமல், அவளாகவே எண்ணுகிறாள். "மூணு." துண்டுக்குள் அவர் மூச்சை இறுக்கிப் பிடித்தார். "நாலு" என்ற குரல் கேட்டதும் பிடி விட்டுப்போய், சந்தோஷ அழுகையில் தோள் குலுங்கியது.

"ஆடுது! அப்பா, துண்டு ஆடுது! நாலு! நாலுதான்!"

மேஜையில் இரண்டு கரண்டிகள் தொடாமல் கிடந்தன. வாலு முயலைப் போலவே கைதட்டிக்கொண்டிருந்தாள். துண்டை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தால் முகத்தைப் பார்ப்பாள்.