மவுஸ் யார் கையில்

தென்காசியில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். ரத்தம் எடுக்கத் தெரியும், சோதிக்கத் தெரியும், கம்ப்யூட்டர் மட்டும் தெரியாது. அது படுத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்பதிலேயே என் பாதிப் பிராணன் போயிருக்கிறது.

முதலில் திருநெல்வேலிக் கம்பெனி ஒன்றோடு வருட ஒப்பந்தம் போட்டேன். போன் செய்தால் ஒரு பெண் இனிமையாகப் பேசிப் புகார் எண் தருவாள். ஆள் வரமாட்டார். இன்று கேட்டால் புளியங்குடியில் இருப்பார், நாளை கேட்டால் வாசுதேவநல்லூரில் இருப்பார். தென்காசிக்கு மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டேன். சவூதியில், தமாமில் வேலை பார்க்கும் என் கணவர், "எதுக்குட்டி கம்பெனி? என் ரூம்ல இருக்கவன் ஐடிக்காரன்லா. இங்கன இருந்தே நெட்டு வழியா சரி பண்ணிருவான்" என்றார். அந்த நண்பர் நல்லவர்தான். ஆனால், வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க எங்கள் வாசலில் கூட்டம் நிற்கும் நேரம், அவருக்கு அங்கே நல்ல உறக்கம்.

அதனால் கணவரிடம் சொல்லாமல், குற்றாலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒருவரையும் பேசி வைத்தேன். கூப்பிட்டால் வருவார். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் மட்டும் லாட்ஜ்காரர்கள் அவரை விடமாட்டார்கள்.

அப்படி ஒரு சீசன் நாளில், காலை பத்து மணிக்கு மேல் பிரிண்டர் நின்றது. கடையத்திலிருந்து வந்த பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, ரத்தத்த மட்டும் எடுத்தாச்சு, ரிசல்ட்ட தரமாட்டேங்கிய? டாக்டர் கிளம்பிருவாருல்லா" என்றார். பதற்றத்தில் தமாம் நண்பர், குற்றாலத்துக்காரர் இரண்டு பேருக்குமே செய்தி அனுப்பினேன்.

குற்றாலத்துக்காரர் சாரலில் நனைந்தபடி வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அக்கா, நான் தொடவே இல்ல. அதுவா ஓடுது."

அதற்குள் கணவரின் போன். "ஏட்டி, அங்கன யாரு மவுஸ ஆட்டுதது? இவன் பிரிண்டர சேக்கச் சேக்க ஒருத்தன் அழிக்கான்!"

"ஆளு வந்திருக்காரு."

"எந்த ஆளு? எங்கிட்ட சொல்லவே இல்லயே?"

ஸ்பீக்கரில் நண்பரும் சேர்ந்துகொண்டார். பிரிண்டரை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேரை மாற்ற வேண்டும் என்றார் இவர். டிரைவரைத் தொடாதே என்றார் அவர். திரையில் அம்புக்குறி இரண்டு பக்கமும் இழுபட்டது. நான் எழுந்து போய் நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். பெரியவருக்கு ரிசல்ட்டைக் கையால் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்து அனுப்பினேன். அதன்பின் குற்றாலத்துக்காரர் ஒருவராகப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் ஓடியது.

சாயங்காலம் கணவரிடம் சொல்லிவிட்டேன். "இனி ஒரே ஆளுதான். பக்கத்துல இருக்க ஆளு."

"இவன் சங்கடப்படுவான்ட்டி."

"படட்டும். இங்கன நின்னு பதில் சொல்லுதது நானு."

குற்றாலத்துக்காரருக்கு மாதச் சம்பளம் பேசினேன். லாட்ஜ்களுக்கு முன்னால் என்னிடம் வர வேண்டும் என்பது நிபந்தனை. அவர் தலையைச் சொறிந்தார்.

"சாரல் நேரத்துல மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்க்கா."

"சாரல் நேரத்துலதான் எனக்குக் காய்ச்சக்காரங்க வருவாங்க."

அரை மனதாக ஒப்புக்கொண்டார். கணவர் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு, பிறகு பேச்சோடு பேச்சாக, "உன் ஆளு ஒழுங்கா வாரானா?" என்று கேட்கத் தொடங்கினார். வருகிறார். சில நாள் தாமதமாகத்தான் வருகிறார். ஆனால் இப்போது நான் திட்டுவதற்கு ஒரே ஆள்தான் இருக்கிறார். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.