குடிக்காத பாண்டிக்காரரின் சைக்கிள் பயணம்

என் அக்கா லில்லியின் புருஷன் இன்னாசிமுத்து, பாண்டிச்சேரியைச் சேர்ந்த பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்தவர். விடியற்காலையில் மோட்டார் போட வேண்டும், சாயந்திரம் மறுபடி போட வேண்டும். ஒருநாள் தவறினால் ஜனங்கள் காலிக் குடத்தோடு அக்கா வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். அதனால் சர்வீஸ் முழுக்க மனுஷன் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. என் கல்யாணத்தில் தாலி ஏறியதும் மோட்டார் போட ஓடிவிட்டார். அவருக்குப் பிரியாணி பார்சல்தான் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ரிட்டயர் ஆன கையோடு, சைக்கிளில் கன்னியாகுமரிக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

"பஸ்ஸுக்கு இன்னா மாமா கொற?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு அது நெனச்ச எடத்துல நிக்கும். நான் நெனச்ச எடத்துல நிக்கணும்டா சார்லஸ்."

அக்கா தடுக்கவில்லை. நாள் முழுக்க அடுப்பங்கரையைச் சுற்றிக்கொண்டு, குழம்பில் உப்புக் குறை என்று சொல்கிறவரை எத்தனை நாள்தான் தாங்குவாள்? சோறு போடுகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி, நல்லவாட்டு மீனவர் குப்பத்துக் கருவாட்டைப் பையில் கட்டிவைத்து அனுப்பினாள்.

மாமாவுக்கு ஒரு விஷயம் தெரியாது. ஊரைத் தாண்டியிருந்தால்தானே தெரியும். பாண்டி என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலும் ஞாபகம் வராது, கோயிலும் ஞாபகம் வராது. சரக்குதான் ஞாபகம் வரும். மாமாவோ பீர் பாட்டில் மூடியைக்கூட மோந்து பார்க்காதவர். கடலூர் எல்லையில் செக்போஸ்ட் போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு மூடச் சொன்னார். விருத்தாசலத்தில் ஆசையாக டீ வாங்கிக் கொடுத்த ஒருவர், "ஒரு குவார்ட்டர்கூடவா எடுத்துட்டு வரல?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். பஞ்சர் ஒட்டியவர் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். மாமா எனக்கு போன் போட்டு, "நான் இன்னாடா, சைக்கிள்ல ஒயின் ஷாப்பா நடத்துறேன்?" என்று கத்தினார். நான் சிரித்த சிரிப்பில் போனை வைத்துவிட்டார்.

அன்று சாயந்திரம் பெண்ணாடம் தாண்டி நல்ல மழை. நனைந்துகொண்டே போனவரை பக்கிரி என்ற விவசாயி வீட்டுக்குள் கூப்பிட்டார். அவர் பெண்சாதி செங்கமலம் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள், மாற்று வேட்டி கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டார்கள். பாண்டிப் பக்கம் என்றார் மாமா. உடனே கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். மாமாவுக்குச் சந்தேகம் அங்கேயே தட்டிவிட்டது.

பாதிச் சாப்பாட்டில் பக்கிரி பெண்சாதியைப் பார்த்தார். அவளும் புருஷனைப் பார்த்தாள்.

"பாண்டின்னு சொன்னீங்களே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ணே" என்று இழுத்தார் பக்கிரி.

பகலெல்லாம் அடக்கிவைத்தது வெடித்துவிட்டது. "இதோ பாருப்பா, நான் குடிக்கிறதும் இல்ல, எடுத்தாந்ததும் இல்ல. அதுக்குத்தான் கோழி அடிச்சீங்கன்னா இந்தத் தட்ட எடுத்துக்குங்க."

பக்கிரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. செங்கமலம்தான் பேசினாள். "அதில்லண்ணே. எங்க பையன் மணிபாரதி வில்லியனூர்ல டைல்ஸ் கம்பெனி வேலைக்குப் போயிருக்கான். பத்து நாளா போன் போவல. அங்க எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. நீங்க வந்ததும் சாமியே அனுப்பிவச்ச மாதிரி இருந்துச்சு."

வெட்கத்தில் செத்துப்போனேன்டா என்று மாமா பிறகு என்னிடம் சொன்னார். எச்சில் கையோடு அக்காவுக்கு போன் போட்டார். "லில்லி, காலைல வில்லியனூர் போய் அந்தப் புள்ளயத் தேடு. கெடைக்கிற வரைக்கும் நான் இங்கருந்து நவுர மாட்டேன்."

அக்கா போனால் வண்டி ஓட்ட நான் போக வேண்டும். என் ஞாயிற்றுக்கிழமை ஒழிந்தது. கம்பெனிக்குக் கம்பெனி வாட்ச்மேன்களைக் கெஞ்சி, கடைசியில் ஒரு சந்து மாடியில் அவன் தங்கியிருந்த ரூமைக் கண்டுபிடித்தோம். காலில் மாவுக்கட்டோடு கிடந்தான். மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் கால் முறிந்திருந்தது, போனும் சுக்கல் சுக்கலாகியிருந்தது. கூடத் தங்கியிருந்த பையன்கள் பரோட்டா வாங்கிப் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"அவுங்க போன்ல பேசறதுக்கு இன்னாடா?" என்று அதட்டினேன்.

"நம்பரெல்லாம் என் போன்லதான்ணே இருந்துச்சு."

"பெத்தவ நம்பர்கூடவா தெரியாது?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். ஒரு அறை விடலாம் என்றுதான் கை ஓங்கினேன். என் பெண்டாட்டி நம்பர் எனக்கு மனப்பாடமா என்று யோசித்ததும் கை தானாக இறங்கிவிட்டது.

அக்கா மாமாவுக்கு போன் போட்டு, அதை அவன் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் செங்கமலம் கேட்ட முதல் கேள்வி, "சாப்ட்டியாடா?" அப்புறம் அங்கேயும் அழுகை, இங்கேயும் அழுகை. நானும்தான் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அக்கா அவனை ஆட்டோவில் ஏற்றி பாகூருக்கே கொண்டுவந்துவிட்டாள். செங்கமலம் பஸ் பிடித்து வந்து கூட இருந்தாள். ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஆள் இல்லை என்றதும், "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இங்கியே இருக்கட்டும், நீ போ" என்று அக்கா அனுப்பிவைத்தாள். போகும்போது செங்கமலம், "உங்க வூட்டுக்காரரு தங்கமானவரு. கொஞ்சம் அவசரக்காரரு" என்றாள். அக்காவுக்கு அதில் பரம சந்தோஷம்.

மாமா கன்னியாகுமரியில் முக்கடலையும் பார்த்துவிட்டு அதே சைக்கிளில் திரும்பி வந்தார். கறுத்து, மெலிந்து, தாடியோடு ஒரு மத்தியானம் வீட்டு வாசலில் இறங்கினார். அக்கா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். மணிபாரதி கட்டையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தான். மாமா குரலை போனில் கேட்டிருக்கிறானே தவிர ஆளைப் பார்த்ததில்லை.

"தூரத்துலேர்ந்து சைக்கிள்ல வர்றீங்களா ஐயா? உள்ள வாங்க" என்றான். "இந்த வூட்டு ஐயாவும் சைக்கிள்லதான் போயிருக்காரு. அக்கா வந்தா உங்களச் சும்மா அனுப்பாது. வெயில் தாழ இருந்து சாப்ட்டுட்டுப் போங்க."

மாமா விருந்தாளி மாதிரியே கை கால் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தார். அவன் ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி அவருடைய தட்டிலேயே அவருக்குச் சோறு போட்டான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மீன் குழம்பை ஊற்றினான். அக்கா வந்து பார்க்கும்போது மாமா கண்ணில் தண்ணீர் வழியத் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். பையன் குழம்பு காரம் போலிருக்கிறது என்று பயந்துபோய் நின்றான்.

"வழியெல்லாம் எத்தினியோ வூட்ல சாப்ட்டேன் லில்லி" என்றார் மாமா. "இங்க போட்ட மாதிரி எங்கியும் இல்ல."

"உப்பு?" என்று கேட்டாள் அக்கா.

"சரியா இருக்குது" என்றார்.